டீசல் சுத்தமானது சரி, ஆலைப் புகையின் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ்-6) என்ற புதுத் தர எரிபொருள் பற்றி வந்த கட்டுரையை மண்டபம் ஜெட்டியில் என் மச்சானின் படகு மேல் உட்கார்ந்துதான் படித்தேன். நல்ல கட்டுரை, ஆனால் அதில் ஒரு வரி மனசை உறுத்தியது. "பிஎஸ்-6 வந்த பிறகு டீசலால் வரும் கார்பன் வெகுவாகக் குறைந்துவிட்டது" என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் சத்தமாக வாசித்ததும் பக்கத்தில் இன்ஜின் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் தம்பி தன் போனை எடுத்து நேர்மாறான ஒரு செய்தியைக் காட்டினார். டீசலைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று ஆலைகள் முன்னைவிட அதிகமாகக் கார்பனை வெளியே விடுகின்றன, ஆகவே பழைய டீசலே மேல், இதுதான் அந்தச் செய்தி. இரண்டுமே தப்பு. இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால்தான் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள்.

நான் இந்தத் தொழிலில் இருந்தவன். 1996இல் வளைகுடாவுக்குப் போய், அங்கே ஒரு சுத்திகரிப்பு ஆலையில் டீசலிலிருந்து கந்தகம் எடுக்கும் யூனிட்டில் ஆபரேட்டராக இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு 2019இல் ஊர் திரும்பினேன். எங்கள் பெரியபட்டினம், கீழக்கரை பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருத்தராவது அப்படிப் போனவர்தான். ஆனால் அங்கே என்ன வேலை செய்தோம் என்பதை ஊரில் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. இப்போது சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

முதலில் கந்தகம் வேறு, கார்பன் வேறு. பிஎஸ்-4, பிஎஸ்-6 என்று எரிபொருளுக்குத் தரம் வைக்கும்போது அரசு முக்கியமாகக் குறைக்கச் சொல்வது கந்தகத்தைத்தான். தொண்ணூறுகளில் நம் நாட்டில் டீசலில் 1 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம் என்று விதி இருந்தது. 2000இல் அது 2,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2,500 பங்கு) ஆனது, அப்புறம் 500, 350 என்று இறங்கி, 2017 ஏப்ரலில் நாடு முழுக்க 50 ஆனது. 2020 ஏப்ரல் 1 முதல் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. நடுவில் வர வேண்டிய பிஎஸ்-5ஐ விட்டுவிட்டு நேராக ஆறுக்குத் தாவினோம்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை ஒரு படகை வைத்துச் சொல்கிறேன். விற்பனை வரி இல்லாத டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்று வெகுகாலம் இருந்தது, அதை 19,000 ஆக்குவதாக முதல்வர் 2023 ஆகஸ்டில் இதே மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தார். பழைய 18,000 லிட்டரையே எடுத்துக்கொள்வோம், எடையில் சுமார் 15 டன் வரும். தொண்ணூறுகளின் டீசல் என்றால் அந்த 15 டன்னுக்குள் 150 கிலோ வரை கந்தகம் இருந்திருக்கலாம். இன்றைய டீசலில் அதே 15 டன்னுக்குள் இருப்பது அதிகபட்சம் 150 கிராம். மூணு மூட்டை கந்தகத்தை எரித்துப் புகையாக விட்ட இடத்தில் இப்போது கையளவுகூட இல்லை.

எங்கள் அத்தா படகு ஓட்டிய காலத்தில் விடியற்காலையில் நூறு படகு ஒரே நேரத்தில் இன்ஜினைக் கிளப்பும்போது ஜெட்டியில் நிற்க முடியாது, கண் எரியும், தொண்டை கரகரக்கும். அந்தக் காட்டமான நெடி கந்தகப் புகையினுடையது. இப்போது போய் நின்று பாருங்கள், கரும்புகை இன்னமும் இருக்கிறது, ஏனென்றால் படகில் இருப்பது பழைய இன்ஜின், புது லாரியில் இருக்கும் புகை வடிகட்டி அதில் கிடையாது. ஆனால் அந்தக் கண்ணெரிச்சல் பெருமளவு போய்விட்டது. அந்த வடிகட்டி புது லாரியில் வேலை செய்வதற்கே டீசலில் கந்தகம் இல்லாமல் இருக்க வேண்டும், இருந்தால் உள்ளே வேதிவினையை வேகப்படுத்தும் வினையூக்கி கெட்டுவிடும். ஆகவே பிஎஸ்-6ஐ நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். பழைய டீசலே மேல் என்று பேசுகிறவர்கள் ஒரு மாசம் அந்தப் பழைய புகையில் நின்று வலை இழுத்திருக்க மாட்டார்கள்.

சரி, கார்பனுக்கு, அதாவது கரியமில வாயுவுக்கு வருவோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.6, 2.7 கிலோ கரியமில வாயு வரும். கந்தகம் 10,000 பிபிஎம் இருந்தாலும் 10 பிபிஎம் இருந்தாலும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது, ஏனென்றால் டீசலே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள்தான். மச்சானின் படகு 18,000 லிட்டர் எரித்தால் 47 டன்னுக்கு மேல் கரியமில வாயு, அது அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். உங்கள் கட்டுரையின் வரி இங்கேதான் தவறுகிறது.

ஆனால் அந்தக் கந்தகத்தை எடுக்க ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியே யாரும் பேசுவதில்லை. டீசலைச் சூடாக்கி 300, 350 டிகிரிக்குக் கொண்டுபோய், உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு கலந்து, கோபால்ட்டும் மாலிப்டினமும் பூசிய சின்னச் சின்ன வினையூக்கித் துண்டுகள் நிரம்பிய பெரிய உருளைக்குள் அனுப்புவோம். ஹைட்ரஜன் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவாக வெளியே வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு ஆளைக் கொன்றுவிடும், அதனால் சட்டையில் ஒரு சின்ன அலாரம் மாட்டிக்கொண்டுதான் யூனிட்டுக்குள் நடப்போம். அந்த வாயுவை இன்னொரு யூனிட்டில் எரித்துத் திரும்பக் கந்தகமாக்குவார்கள். ஆலையின் பின்பக்கம் அதைக் கொட்டி வைத்திருப்பார்கள், மஞ்சளென்றால் அப்படி ஒரு மஞ்சள், வெயிலில் கண் கூசும். நம் ஊரில் உப்பு அம்பாரத்தைப் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி, நிறம் மட்டும் வேறு. முதன்முதலில் அதைப் பார்த்தபோது இவ்வளவும் மனுசன் மூச்சுக்குள் போயிருக்க வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

இந்த வேலைக்கு வேண்டிய ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்து எடுப்பதில்லை. பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையோ, கச்சா எண்ணெயிலிருந்து பிரியும் நாப்தா என்ற லேசான எண்ணெயையோ நீராவியோடு சேர்த்து உடைத்துத்தான் எடுக்கிறோம். வழுதூரில் மின் நிலையத்தில் எரிக்கிறார்களே, அந்த எரிவாயுவில் இருக்கும் அதே மீத்தேன். அதை உடைக்கும் உலைக்குள் வரிசையாக நீளக் குழாய்கள் தொங்கும், வெப்பம் 800, 900 டிகிரி. உலைச் சுவரில் சின்னதாக ஒரு ஜன்னல் இருக்கும், ஷிஃப்டுக்கு ஒரு தடவையாவது அதைத் திறந்து முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டுக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். குழாயெல்லாம் ஒரே மாதிரி ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் சரி, ஏதாவது ஒன்றில் வெளிறிய பட்டை தெரிந்தால் அங்கே சூடு அதிகம் என்று அர்த்தம், உடனே கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் குழாய்களுக்குள் மீத்தேனில் இருக்கும் கார்பன் முழுக்கக் கடைசியில் கரியமில வாயுவாகிறது, வெளியே குழாயைச் சூடாக்க எரிக்கும் எரிபொருளும் அப்படியே ஆகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கரியமில வாயு புகைபோக்கி வழியாக மேலே போகிறது.

இதில் ஒரு விஷயம் வெளியாட்களுக்குப் புரிவது கஷ்டம். 10,000 பிபிஎம்மிலிருந்து 500க்குக் கொண்டுவருவது ஒரு வேலை, 50இலிருந்து 10க்குக் கொண்டுவருவது வேறு வேலை. முள்ளுவாளையைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், நடு முள்ளை உருவ ஒரு நிமிஷம் போதும், சதைக்குள் கிடக்கும் பொடி முள்ளை எடுக்கத்தான் நேரமும் பொறுமையும் வேண்டும். டீசலிலும் கடைசியில் மிஞ்சும் கந்தகம் பெரிய பெரிய மூலக்கூறுகளின் இடுக்குக்குள் ஒளிந்துகொண்டிருக்கும், வினையூக்கி அதை லேசில் தொட முடியாது. அதை எடுக்க அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், உருளையைப் பெரிதாக்க வேண்டும், வினையூக்கியை மாற்ற வேண்டும். அவ்வளவு கூட்டும்போது ஹைட்ரஜன் கந்தகத்தோடு நிற்காது, டீசலில் இருக்கும் மற்ற மூலக்கூறுகளோடும் போய்ச் சேர்ந்துகொள்ளும், செலவு எகிறும். ஐரோப்பாவில் 2009இல் 10 பிபிஎம் கட்டாயமானது, அந்தச் சந்தைக்காக எங்கள் ஆலையில் புது யூனிட் போட்டார்கள். அதன் பக்கத்திலேயே புதிதாக ஒரு ஹைட்ரஜன் உலையும் எழும்பியது. இரவு ஷிஃப்டில் தூரத்திலிருந்து பார்த்தால் முன்பு இரண்டு புகைபோக்கி இருந்த இடத்தில் நான்கு தெரியும்.

இனி கணக்கு. நூறு கிலோ டீசலைச் சுத்தம் செய்ய, எந்தக் கச்சா எண்ணெய் என்பதைப் பொறுத்து, அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஹைட்ரஜன் போகும் என்று வைத்துக்கொள்ளலாம், நான் பார்த்ததும் அதுதான். மச்சானின் 15 டன் டீசலுக்கு 75 முதல் 150 கிலோ ஹைட்ரஜன். அதற்காக ஆலை விடும் கரியமில வாயு முக்கால் டன்னிலிருந்து ஒன்றரை டன் வரை. படகு எரித்து விடுவது 47 டன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்ன எண்ணிக்கைதான், மெக்கானிக் தம்பியின் போனில் வந்த செய்தி இந்த 47ஐச் சொல்லாமல் அந்த ஒன்றை மட்டும் பெரிதாக்கிப் பேசுகிறது.

ஆனால் ஆலை வாசலில் நின்று பார்த்தால் அதே எண் சின்னதாகத் தெரியாது. ஒரு ஆலை ஆண்டுக்கு 40 லட்சம் டன் டீசல் எடுக்கிறது என்று வைத்தால், கந்தகம் எடுக்கும் ஹைட்ரஜனுக்காக மட்டும் 2 முதல் 4 லட்சம் டன் கரியமில வாயு. பெட்ரோலுக்குத் தனி. கப்பல் எண்ணெய்க்குத் தனி, அதிலும் 2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுக்கக் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது, தூத்துக்குடிக்கு வருகிற கப்பலுக்கும் அதே விதிதான். நாம் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறோம், வளைகுடாவிலிருந்து வருவதும் சரி, 2022க்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து அதிகமாக வருவதும் சரி, பெரும்பாலும் கந்தகம் கூடின ரகம். மலிவான எண்ணெய் என்றால் அநேகமாகக் கந்தகம் அதிகம், கந்தகம் அதிகம் என்றால் ஹைட்ரஜன் அதிகம். பங்க்கில் விலை குறைந்தால் நமக்குச் சந்தோஷம், அந்தக் குறைவில் ஒரு பங்கு ஆலைப் புகைபோக்கியில் போகிறது.

கடற்கரைக்காரனுக்கு இதில் என்ன என்று கேட்பார்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே எங்கள் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அதில் இரண்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறை 2010இலும் 2016இலும் கடல் சூடேறி வெளுத்துப்போனது. அந்தக் கோடைகளில் கடலுக்குள் முங்கினவர்கள் எலும்புக்கூடு மாதிரி வெள்ளையாகக் கிடந்தது என்றுதான் சொன்னார்கள். பாறை செத்தால் மீன் அங்கே ஒதுங்காது. கந்தகம் எங்கள் தொண்டைக்கு விரோதி என்றால் கார்பன் எங்கள் கடலுக்கு விரோதி, ஒன்றைத் துரத்த இன்னொன்றைக் கூட்டுகிறோம் என்றால் எவ்வளவு கூட்டுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு.

அப்புறம், இதற்கு வழி பசுமை ஹைட்ரஜன்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது. 2023 ஜனவரியில் மத்திய அரசு இதற்கு 19,744 கோடி ரூபாயில் ஒரு திட்டம் போட்டது, 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. தூத்துக்குடித் துறைமுகத்தை அதற்கான மையங்களில் ஒன்றாக்கியிருக்கிறார்கள். நானும் முதலில் ரொம்பவே சந்தோஷப்பட்டேன், நம் கமுதியிலேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 முதல் இருக்கிறதே, அதை அப்படியே ஹைட்ரஜனுக்குத் திருப்பினால் என்ன என்று ஒரு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்குச் சுமார் 100 கோடி யூனிட் மின்சாரம் வருகிறது என்று வைத்தேன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50, 55 யூனிட் வேண்டும். அப்படியென்றால் ஏறக்குறைய 20,000 டன் ஹைட்ரஜன், அதனால் மிச்சமாகும் கரியமில வாயு 2 லட்சம் டன். ஆனால் அதே 100 கோடி யூனிட் இன்று கிரிட்டுக்குள், அதாவது பொது மின்கட்டமைப்புக்குள் போய் நிலக்கரி மின்சாரத்தை ஓரங்கட்டுகிறது, நிலக்கரியில் யூனிட்டுக்கு ஒரு கிலோ கரியமில வாயு என்று தோராயமாக எடுத்தால் மிச்சமாவது 10 லட்சம் டன். ஐந்து மடங்கு வித்தியாசம். இருக்கிற சூரிய மின்சாரத்தைப் பிடுங்கி ஹைட்ரஜன் செய்தால் அந்த இடத்தை நிரப்ப நிலக்கரிதான் எரியும். ஆகவே பசுமை ஹைட்ரஜன் என்றால் அதற்கென்று புதிதாகப் போட்ட பேனல், புதிதாக நட்ட காற்றாலை இருக்க வேண்டும், அல்லது பகலில் வாங்க ஆளில்லாமல் வீணாகும் மின்சாரமாக இருக்க வேண்டும். இதை யாராவது திட்டத்தில் உறுதியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

தண்ணீரும் ஒரு பிரச்சினை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் நல்ல தண்ணீர், நடைமுறையில் அதைவிடக் கூடுதல். இந்த மாவட்டத்தைத் தண்ணியில்லாத காடு என்று சொல்லியே அதிகாரிகளை இங்கே மாற்றல் செய்த கதை எல்லோருக்கும் தெரியும், இன்னமும் குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போகும் பெண்களைக் கடலாடி, சாயல்குடி பக்கம் பார்க்கலாம். குடிநீர்த் திட்டத்திலிருந்து ஒரு சொட்டு எடுக்கக் கூடாது, கடல்நீரைத்தான் சுத்தம் செய்ய வேண்டும், நரிப்பையூரில் குடிநீருக்காக ரொம்ப வருஷம் முன்பே அப்படி ஒரு ஆலை போட்டார்கள். ஆனால் மிஞ்சும் கடும் உப்புத் தண்ணீரைக் கடல்புல் இருக்கிற ஆழம் குறைந்த இடத்தில் கொண்டுபோய் விட்டால் மீன்குஞ்சு வளரும் இடமே போய்விடும். எங்கே விடப்போகிறார்கள் என்பதை மீனவர்களிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.

இதெல்லாம் வர வருஷக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் ஆலைக்குள்ளேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதைப் பற்றி ஏன் ஒருத்தரும் எழுதுவதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். உலைக்குள் போகும் எண்ணெயை, வெளியே வரும் சூடான எண்ணெயை வைத்தே முன்கூட்டிச் சூடேற்றுவதற்குக் குழாய்க்கட்டுகள் உண்டு. அதில் கசடு படிந்தால் சூடு ஏறாது, அந்தக் குறையை ஈடுகட்ட உலையில் கூடுதலாக எரிப்போம். நான் இருந்த இடத்தில் ஒருமுறை உற்பத்தியை நிறுத்த மனசில்லாமல் கசடு எடுப்பதைப் பல மாசம் தள்ளிப்போட்டார்கள், அந்த மாசங்களில் உலை எரிபொருள் மீட்டர் ஏறிக்கொண்டே போனதை ஷிஃப்ட் புத்தகத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதே மாதிரி நீராவிக் குழாயில் தண்ணீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் ட்ராப் என்று ஒன்று, கெட்டுப்போனால் நீராவியையே விட்டுக்கொண்டிருக்கும். ஆலை முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கும், அதில் பத்தில் ஒன்று ஒழுகினால்கூட எவ்வளவு எரிபொருள் வீண் என்று பாருங்கள். ஹைட்ரஜன் கலந்த வாயுவைப் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தாமல் உலையில் எரித்துவிடுவதும் நடக்கும். எரித்த அந்த ஹைட்ரஜனுக்குப் பதிலாக மீத்தேனை உடைத்துப் புதிதாகச் செய்ய வேண்டும், ஒரு கிலோவுக்கு மறுபடியும் 9, 10 கிலோ கரியமில வாயு.

நம் நாட்டில் ஆலைகளின் எரிசக்திச் செலவைக் கண்காணிக்கும் திட்டம் 2016 முதல் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வந்துவிட்டது, 2023இல் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தின் பட்டியலிலும் அவை இருக்கின்றன. நல்லது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டிக் காட்டினால், கந்தகம் எடுத்ததற்காகக் கூடிய கார்பன் எவ்வளவு, பராமரிப்பு சரியில்லாததால் கூடியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. "பிஎஸ்-6 கேட்டீர்கள், அதனால்தான் புகை கூடியது" என்று ஒழுகும் ஸ்டீம் ட்ராப்பையும் அதே கணக்கில் எழுதிவிடலாம். இரண்டையும் தனித்தனி வரியாகப் போடச் சொல்ல வேண்டும்.

சென்னை மணலியில் ஆண்டுக்கு 105 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கம் பனங்குடியில் 90 லட்சம் டன்னுக்குப் புது ஆலை என்று திட்டம் இருக்கிறது, அதுவும் வந்தால் நம் கடற்கரை ஓரத்திலேயே இரண்டு பெரிய ஆலைகள். உங்கள் நிருபர் அந்தப் பக்கம் போனால் மூன்றே மூன்று எண் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். வருஷத்துக்கு எத்தனை டன் ஹைட்ரஜன் போகிறது, அது எதிலிருந்து எடுக்கப்படுகிறது, ஒரு டன் டீசலுக்கு ஆலை வாசலுக்குள் எத்தனை கிலோ கரியமில வாயு. புது ஆலைக்கு இதே மூன்றையும் கட்டுவதற்கு முன்பே கேட்கலாம், உலை எழும்பிவிட்டால் அப்புறம் முப்பது வருஷத்துக்கு அதே உலைதான். அவர்கள் கொடுக்கும் தாள் யூனிட் கணக்காக, புரியாத சுருக்கெழுத்தாக இருந்தால் எனக்கு அனுப்பி வையுங்கள், நான் உட்கார்ந்து தமிழில் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் சுத்திகரிப்பு ஆலை ஆபரேட்டர்,
பெரியபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்.